அந்த அலமாரியில் மரகதத்துக்கு இடம் போதுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் வீட்டில் எட்டு மாதமாகப் பச்சை இகுவானா என்கிற பெரிய பல்லி ஒன்று வளர்கிறது. பெயர் மரகதம். வந்த புதிதில் உள்ளங்கையில் அடங்கியது. இப்போது மூக்கிலிருந்து வால் நுனி வரை 55 செ.மீ. இருக்கிறது. மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்கிறோம். பகலெல்லாம் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது. மூக்கு நுனி சிவந்து தோல் உரிந்துவிட்டது. வீட்டில் பழைய மர அலமாரி ஒன்று சும்மா கிடக்கிறது. ஆறரை அடி உயரம், நாலடி அகலம், ஒன்றே முக்கால் அடி ஆழம். கதவைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டு, உள்ளே கிளை வைத்து, ஒரு பல்பு மாட்டினால் போதுமா? ஜன்னல் ஓரமாக வைத்தால் கண்ணாடி வழியாக வெயிலும் கிடைக்கும் என்று நினைக்கிறேன். அடியில் வைக்கிற வெப்பக் கல் வாங்கலாமா? தொட்டிக் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் பொடி படிகிறது, அது நோயா? "வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாய்" என்று அம்மா தினமும் திட்டுகிறார். ஆனால் அதற்கு நல்ல வீடு ஒன்று கட்டிக்கொடுக்க ஆசை. வழி சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது படத்தில் மரகதம் தொட்டியின் தரையில் இல்லை. வெப்பமானியின் ஒயரை நான்கு கால்களாலும் பற்றிக்கொண்டு, மூடிக்கு அடியில் ஒட்டினாற்போல் தொங்குகிறது. ஏறுவதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் அந்த மெல்லிய ஒயரையாவது பிடித்து ஏறியிருக்கிறது பாருங்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தப் படத்திலேயே இருக்கிறது.

பச்சை இகுவானா மரத்தில் வாழும் பிராணி. மெக்சிகோவில் தொடங்கித் தென் அமெரிக்காவின் நடுப்பகுதி வரை, பெரும்பாலும் ஆற்றோர மரங்களின் உச்சிக் கிளைகளில்தான் அதன் பகல் கழிகிறது. காலையில் வெயில் விழும் கிளைக்கு வந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும். சூடு ஏறியதும் நிழலுக்கு நகரும், இலை தின்னும், மறுபடி வெயிலுக்கு வரும். ஆபத்து என்று பட்டால் கிளையிலிருந்து நேரே தண்ணீரில் குதித்துவிடும். உச்சியில் வெயில், இடையில் நிழல், அடியில் தண்ணீர்: இந்த மூன்றையும் ஒரு பெட்டிக்குள் கொண்டுவருவதுதான் நீங்கள் செய்யப்போகிற வேலை. கூண்டு கட்டும்போது எந்த இடத்தில் சந்தேகம் வந்தாலும் அந்த ஆற்றோர மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், விடை கிடைத்துவிடும்.

அலமாரிக்கு வருவோம். அப்படியே மாற்றினால் இன்னும் ஒரு வருடம் ஓடும். அதற்கு மேல் ஓடாது. மரகதம் ஒழுங்காக வளர்ந்தால் மூன்று வயதில் நாலடியைத் தாண்டும். ஆணாக இருந்தால் ஐந்தடி, சில சமயம் ஆறடி. எடை நாலு கிலோவைத் தாண்டவும் கூடும். நீளத்தில் பாதிக்கு மேல் வால்தான், ஆனால் அந்த வாலுக்கும் இடம் வேண்டும். ஒன்றே முக்கால் அடி ஆழத்தில் வளர்ந்த இகுவானா உடம்பைத் திருப்பும்போதெல்லாம் வால் சுவரில் உரசும், மடங்கும், நுனி காயும். உங்கள் மூன்றடித் தொட்டியில் அது இப்போதே தொடங்கிவிட்டது. கடைசிப் படத்தில் வால் நுனி ஒரு விரற்கடை அளவுக்குக் கறுத்திருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

வளர்ந்த ஒரு இகுவானாவுக்கு நான் கேட்கும் குறைந்தபட்ச அளவு ஆறடி நீளம், மூன்றடி ஆழம், ஆறடி உயரம். நீளம் எட்டடியும் ஆழம் நாலடியும் ஆக்க முடிந்தால் நல்லது. இன்றைய 55 செ.மீ. குட்டியை அளந்து கூண்டு கட்டாதீர்கள். மூன்று வருடம் கழித்து அதில் இருக்கப்போகிற பிராணியை மனத்தில் வைத்து அளவெடுங்கள். "இப்போதைக்கு இது போதும், வளர்ந்ததும் பெரிதாகக் கட்டிக்கொள்ளலாம்" என்று தொடங்கியவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது கூண்டைக் கட்டவே இல்லை என்பது என் அனுபவம். நன்றாகப் பராமரித்தால் 15, 20 வருடம் இருக்கப்போகிற பிராணி இது. குட்டியைப் பெரிய கூண்டில் விட்டால் மிரளும் என்று சிலர் சொல்வார்கள். வெறும் பெட்டியாக இருந்தால் மிரளத்தான் செய்யும். கிளையும் இலையும் அடர்த்தியாக இருந்து, ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று இடம் இருந்தால் மிரளாது.

ஆகவே அலமாரியைத் தூக்கிப்போட வேண்டாம், அதை ஒரு பாதியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அதன் விளிம்பில் ஓரிடத்தில் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்று தெரிந்தால் யோசிக்காமல் விட்டுவிடுங்கள். இகுவானாவின் கூண்டுக்குள் எப்போதும் ஈரப்பதம் இருக்கும். அந்தப் பலகை சில மாதத்தில் உப்பி, திருகாணிகள் பிடிப்பை விட்டுவிடும். நல்ல மரமோ பிளைவுட்டோ என்றால், முன்பக்கம் ஒன்றேகால் அடியும் பக்கவாட்டில் இரண்டடியும் சட்டம் அடித்து நீட்டிவிடலாம். ஆறு, மூன்று, ஆறரை என்று வந்துவிடும். சட்டம் நீட்டும் பக்கத்து உள்சுவரை முழுதாக அறுத்து எடுத்துவிடுங்கள். நடுவில் தட்டி நின்றால் இரண்டு சின்னப் பெட்டிகள்தான் மிஞ்சும். புதிதாகப் போடும் பலகைக்குத் தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் நல்லது.

உள்பக்கம் முழுவதும் நீர் கலந்து அடிக்கிற பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று கை அடியுங்கள். மூலைகளில் சிலிகான் பூசுங்கள். பூஞ்சை தடுக்கும் மருந்து கலந்த குளியலறை சிலிகான் வேண்டாம், மீன்தொட்டிக்குப் பயன்படுத்துவதையே வாங்குங்கள். அடித்துக் காய்ந்த பிறகு இரண்டு வாரம் திறந்தே போட்டுவையுங்கள். பெட்டிக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்துப் பார்க்கும்போது வார்னிஷ் வாசம் துளியும் வரக்கூடாது. பல்பின் சூட்டில் அந்த வாசம் மறுபடி கிளம்பும் என்பதால் இதில் அவசரப்படாதீர்கள்.

முன்பக்கத்துக்குக் கண்ணாடி போடலாம். ஆனால் கண்ணாடி என்றால் என்ன என்று இகுவானாவுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் தெரிகிறது, போக முடியவில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்; அதனால்தான் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. கதவின் கீழ்ப்பகுதி ஒன்றரை அடியைப் பலகையாக வைத்துவிட்டு, அதற்கு மேல் கண்ணாடி போடுங்கள். மேல் காற்றுக்காக வலை போடும் இடத்தில் கொசுவலை மாதிரி மெல்லிய வலையைப் போடாதீர்கள். நகம் மாட்டிக்கொண்டு, இழுக்கிற இழுப்பில் விரலே போய்விடும். பிளாஸ்டிக் பூசிய, அரை அங்குலக் கட்டமுள்ள பற்றவைத்த கம்பி வலைதான் சரி. கதவு முன்னால் திறக்கட்டும். மேலிருந்து திறந்து கையை விடுகிற கூண்டு இகுவானாவுக்கு ஆகவே ஆகாது.

அது ஏன் என்று சொல்கிறேன். மரகதம் அசையாமல் இருக்கும்போது அதன் உச்சந்தலையைக் கிட்டத்தில் பாருங்கள். இரண்டு கண்களுக்கும் நடுவில், கொஞ்சம் பின்தள்ளி, மற்றச் செதில்களைவிட வெளிறிய, அரிசிமணியைவிடச் சின்னதான ஒரு வட்டச் செதில் தெரியும். அதுதான் அதன் மூன்றாவது கண். அதனால் உருவம் பார்க்க முடியாது, ஒளியும் நிழலும் மாறுவதை உணர முடியும். மேலே பருந்தின் நிழல் கடந்தால் உடனே தெரிந்துகொள்ள அமைந்த உறுப்பு. மேலிருந்து வரும் உங்கள் கையின் நிழலும் அதற்குப் பருந்துதான். தரையில் இருக்கும் தொட்டியில் வளர்கிற இகுவானா, வீட்டில் யார் கடந்தாலும் மேலே ஒரு வேட்டைப் பறவை போவதாக நாள் முழுக்க உணர்கிறது. அது பழகவில்லை, சீறுகிறது, வாலைச் சுழற்றி அடிக்கிறது என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கூண்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான். அது உட்காரும் பலகை உங்கள் கண் உயரத்துக்கோ அதற்கு மேலோ வரும்படி செய்துவிட்டால், பாதி சீற்றம் அடங்கிவிடும்.

இனி வெயில். இந்தக் கடிதத்தில் நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வெயில் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் இகுவானாவுக்கு இரண்டு பொருள்கள் அடக்கம். ஒன்று சூடு, இன்னொன்று புற ஊதா பி கதிர். தோலில் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருளின்மேல் 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தக் கதிர் விழுந்தால்தான் வைட்டமின் டி3-க்கு முந்தைய பொருள் உருவாகும். உருவான அந்தப் பொருள் டி3-ஆக மாறுவதற்கு உடம்புச் சூடு வேண்டும். கதிர் ஒரு மூலையிலும் சூடு இன்னொரு மூலையிலும் இருந்தால் வேலை நடக்காது. இரண்டும் ஒரே பலகையின்மேல் விழ வேண்டும். டி3 இல்லாவிட்டால் எவ்வளவு சுண்ணாம்புச் சத்துள்ள இலையைப் போட்டாலும் குடல் அதைப் போதுமான அளவு ஏற்றுக்கொள்ளாது. ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்தே உருவத் தொடங்கும்.

அந்த நிலையில் வருகிற இகுவானாவைப் பார்க்க ஆரோக்கியமாகத்தான் தெரியும். "நல்லா கொழுகொழுன்னு இருக்கு டாக்டர், தொடையைப் பாருங்க" என்று ஒருவர் பெருமையோடு என் மேசையில் விட்டார். தொடையைத் தொட்டேன். சதையின் நெகிழ்வு அதில் இல்லை, கட்டையாக இருந்தது. எலும்பு தன் சுண்ணாம்பை இழக்க இழக்க, அதைத் தாங்கிப் பிடிக்க நார்த்திசு சுற்றி வளர்ந்து தொடையைத் தடிமனாக்கியிருந்தது. கீழ்த் தாடையை இரண்டு விரலால் மெல்ல அழுத்தியபோது ரப்பர்போல வளைந்தது. எக்ஸ்ரேயில் எலும்பின் கோடே மங்கலாகத்தான் தெரிந்தது. அன்போடு வளர்த்தவர்தான், நல்ல இலைகளையும் கொடுத்திருந்தார். ஜன்னல் ஓரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தார். அவ்வளவுதான் நடந்தது.

சாதாரண ஜன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிரைக் கிட்டத்தட்ட முழுவதும் நிறுத்திவிடும். வெளிச்சம் வரும், சூடு வரும், எலும்புக்கு வேண்டியது வராது. தவிர, நேர் வெயில் கண்ணாடிக் கூண்டில் விழுந்தால் உள்ளே சூடு மளமளவென்று ஏறி, தப்பிக்க இடமில்லாமல் சில நிமிடங்களில் இகுவானா இறந்துவிடவும் கூடும். எனவே கூண்டை ஜன்னல் வெயில் நேரே படாத சுவரோரம் வையுங்கள்.

கதிருக்கு, ஊர்வனவற்றுக்கென்றே செய்யப்படும், டி5 என்கிற மெல்லிய வகை நீள ட்யூப் லைட் வாங்குங்கள். அட்டையில் புற ஊதா பி 10 அல்லது 12 சதவீதம் என்று போட்டிருக்கும். சுருள் வடிவப் பல்புகளின் கதிர் ஒரு சின்ன வட்டத்துக்குள் அடங்கிவிடும், வளரும் இகுவானாவின் உடம்பு முழுக்கப் படாது. ட்யூப்பின் நீளம் கூண்டின் நீளத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். பலகையில் உட்கார்ந்திருக்கும் பிராணியின் முதுகுக்கும் ட்யூப்புக்கும் இடையில் 30 முதல் 45 செ.மீ. தூரம் வரலாம், தயாரிப்பாளர் அட்டையில் ஒரு தூரம் எழுதியிருப்பார், அதையே பின்பற்றுங்கள். இடையில் கண்ணாடியோ அக்ரிலிக்கோ வரக்கூடாது. நெருக்கமான வலை வந்தால்கூடக் கதிரில் கணிசமான பங்கு குறையும். ட்யூப்பை மேலிருந்துதான் மாட்ட வேண்டும், பக்கவாட்டில் கூடாது. மேலிருந்து வரும் வெயிலைத் தடுக்க அதன் புருவமேடு இருக்கிறது. பக்கத்திலிருந்து வந்தால் கதிர் நேரே கண்ணில் பாயும். இன்னொன்று: ட்யூப் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் உள்ளிருந்து வரும் புற ஊதா பி நாளாக ஆகக் குறைந்துவிடும், நம் கண்ணுக்கு அது தெரியாது. மாட்டிய தேதியை அதன் முனையிலேயே எழுதிவைத்து, ஒரு வருடத்தில் மாற்றிவிடுங்கள். வீட்டு எல்.இ.டி. விளக்குகளோ, பூச்சிகளை இழுக்கும் நீல விளக்குகளோ இதற்கு ஈடாகாது.

சூட்டுக்கு "ஒரு பல்பு" போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. ஒரே பல்பு ஒரு சின்ன வட்டத்தைத்தான் சுடும். நாலடி நீளப் பிராணி அதற்குள் முழுதாக அடங்காது. முதுகின் நடுப்பகுதி வேகும், வால்மூலமும் கழுத்தும் குளிர்ந்தே இருக்கும். உடம்பு இன்னும் சூடாகவில்லை என்று அது அங்கேயே உட்கார்ந்திருக்கும், தோல் புண்ணாகும். ஒரு 150 வாட் பல்பைவிட, வரிசையாக மாட்டிய இரண்டு 75 வாட் ஹாலஜன் பல்புகள் மேல். ஒவ்வொன்றுக்கும் கம்பிக்கூடு கட்டாயம் போடுங்கள். குளிர் எடுக்கும் இகுவானா பல்பையே கட்டிப்பிடித்துக்கொள்ளும். முதுகுச் சீப்பின் முட்கள் பத்துப் பன்னிரண்டு வரிசையாகக் கருகி, தொட்டால் உதிரும் நிலையில் ஒன்றுக்கு நான் மூன்று மாதம் மருந்து கட்டியிருக்கிறேன். முட்கள் மறுபடி முளைக்கவில்லை.

பல்புக்கு அடியில் உள்ள பலகையின்மேல் 35 முதல் 38 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கூண்டின் மறுகோடியில், கீழே, 26 முதல் 28. நடுவில் அது தானாக இறங்கிவரும். எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று இகுவானா தானே முடிவு செய்துகொள்ளும். இரவில் 22 முதல் 25 வரை போதும், விளக்கு எதுவும் எரியக்கூடாது. இரவு அதற்குக் கீழே இறங்கும் என்றால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் ஒன்றைப் பீங்கான் ஹோல்டரில் மாட்டுங்கள். சூட்டை அலட்சியப்படுத்த முடியாததற்குக் காரணம் அதன் வயிறு. இலையைச் செரிப்பது பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். உடம்பு சூடாக இருந்தால்தான் அவை வேலை செய்யும். குளிர்ந்த வயிற்றில் இலை அப்படியே கிடக்கும். குளிர் இன்னும் இறங்கினால் தசையே வேலை செய்யாது. 2020 ஜனவரியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் குளிர் அலை வந்தபோது, இன்றிரவு மரங்களிலிருந்து இகுவானாக்கள் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம் என்று மியாமி வானிலை அலுவலகமே அறிவித்தது. அங்கே கட்டுக்கடங்காமல் பெருகிவிட்ட இகுவானாக்கள் குளிரில் மரத்துப்போய், பிடியை விட்டு விழுந்தன.

பல்பும் ஹீட்டரும், சூட்டை ஒரே அளவில் நிறுத்திவைக்கும் தெர்மோஸ்டாட் என்கிற கருவி வழியாகத்தான் ஓட வேண்டும். விளக்குகளுக்கு டைமர் வைத்து 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று விட்டுவிடுங்கள். தொட்டியில் ஒட்டியிருக்கும் வட்ட முள் வெப்பமானியை நம்பாதீர்கள். கம்பி முனையுள்ள டிஜிட்டல் வெப்பமானியின் முனையை, அது உட்காரும் பலகையிலேயே கட்டி அளக்க வேண்டும்.

வெப்பக் கல் வாங்கவே வாங்காதீர்கள். இகுவானா சூட்டை முதுகில் வாங்கப் பிறந்தது. வயிற்றில் தாக்கும் சூட்டிலிருந்து விலக வேண்டும் என்று அதற்கு நேரத்தில் தோன்றுவதில்லை. கல் சில இடங்களில் அளவுக்கு மீறிச் சுடும், அது அசையாமல் படுத்திருக்கும், நாம் தூக்கிப் பார்க்கும்போது வயிறு வெந்திருக்கும்.

உட்காரும் பலகை என்று பலமுறை சொல்லிவிட்டேன். நாலடி நீளமும் ஒரு அடிக்குக் குறையாத அகலமும் உள்ள ஒரு தட்டை, பல்புகளுக்கு நேர் கீழே, கூண்டின் மேல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் உறுதியாகப் பொருத்துங்கள். அங்கே ஏறக் கீழிருந்து சாய்வாகக் கிளை வேண்டும். கிளை அதன் உடம்பின் பருமனுக்குக் குறையக்கூடாது. மெல்லிய குச்சியில் அது தொங்கும், படுத்து ஓய்வெடுக்காது. பட்டையோடு கூடிய சொரசொரப்பான கிளை நல்லது; பிசின் கசியும் மரங்கள் வேண்டாம். பூச்சிமருந்து படாத மரத்திலிருந்து வெட்டி, தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் காயப்போட்டு, வெளிப்பக்கத்திலிருந்து நீளத் திருகாணி போட்டு முடுக்குங்கள். உங்கள் கையால் முழு பலத்தோடு தொங்கிப் பாருங்கள். நாலைந்து கிலோ எடையுள்ள பிராணி குதிக்கும் கிளை அது, ஆடக்கூடாது. கயிறு சுற்றினால் பிரிந்த நூல் விரலில் சுற்றிக்கொள்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பட்டைக் கிளையே மேல்.

கூண்டுக்குள் ஈரப்பதம் 65 முதல் 80 சதவீதம் வரை வேண்டும். காய்ந்த காற்றில் தோல் ஒழுங்காக உரியாது. விரல்களிலும் வாலிலும் பழைய தோல் வளையமாக இறுகி ரத்தத்தை நிறுத்திவிடும். நாளடைவில் சிறுநீரகமும் கெடும். காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். கீழே, மரகதம் முழுதாக இறங்கி முங்கும் அளவுக்கு ஒரு தொட்டி வையுங்கள். பெரும்பாலான இகுவானாக்கள் தண்ணீரில்தான் மலம் கழிக்கும். அது பழகிவிட்டால் கூண்டு சுத்தமாக இருக்கும், ஆனால் தண்ணீரைத் தினமும் தவறாமல் மாற்ற வேண்டும். ஈரம் தேங்கிப் புழுங்கக்கூடாது என்பதற்காக ஒரு பக்கம் அடியிலும் எதிர்ப்பக்கம் உச்சியிலும் வலை வைத்த திறப்பு விடுங்கள். கீழே குளிர்ந்த காற்று நுழைந்து, மேலே சூடான காற்று வெளியேறும்.

கண்ணாடியில் படியும் வெள்ளைப் பொடி நோயில்லை. அது உப்பு. உடம்பில் மிஞ்சும் உப்பை வெளியேற்ற இகுவானாவின் மூக்கில் சுரப்பி இருக்கிறது. "ப்ச்" என்று தும்மி அதை வெளியே தள்ளும், காய்ந்ததும் வெள்ளையாகப் படியும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். பொடி அல்லாமல் மூக்கில் சளிபோலக் குமிழி வந்தாலோ, வாயைத் திறந்தபடி மூச்சு விட்டாலோ அது வேறு சங்கதி, உடனே காட்டுங்கள்.

தரைக்குச் செய்தித்தாளே போதும். மணல், கூழாங்கல், மரச்சீவல் எதுவும் வேண்டாம். இலையோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

மரகதம் பெண்ணாக இருந்தால், ஆண் துணை இல்லாமலே பருவத்தில் முட்டை கட்டும். இருபது, முப்பது, அதற்கும் மேல். மண்ணைத் தோண்டி இட இடமில்லாவிட்டால் உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும். தொடையின் அடியில் வரிசையாக இருக்கும் துளைகளை வைத்து ஆணா பெண்ணா என்று ஒன்றரை, இரண்டு வயதில் சொல்லிவிடலாம். அதுவரை, ஈரமணலும் மண்ணும் கலந்து ஒரு அடிக்கு மேல் நிரப்பிய மூடிய பெட்டி ஒன்று வைக்கக் கூண்டின் அடியில் இப்போதே இடம் விட்டுவையுங்கள். இன்னொரு இகுவானாவைத் துணைக்கு விடும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள். கூண்டுக்கு ஒன்றுதான்.

தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் பெட்டி இது. மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர் அந்த இணைப்புக்கு அவசியம். இதை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும், நீங்களே செய்யாதீர்கள். ஒயர்கள் எல்லாம் கூண்டுக்கு வெளியே ஓடட்டும். ஒயரில் ஏறும் பழக்கம் மரகதத்துக்கு ஏற்கெனவே வந்துவிட்டது.

அம்மாவின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. நல்ல ஆரோக்கியமான இகுவானாவின் கழிவிலும், மனிதருக்கு வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்ட பிறகு ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் தட்டுகளையும் சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது. அதற்கென்று தனி வாளி, தனி நார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அதைக் கையாள வேண்டாம். இதை நீங்கள் ஒரு மாதம் தவறாமல் செய்வதைப் பார்த்தால் அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கும் என்று நம்புகிறேன்.

கூண்டு முடிந்ததும் மரகதத்தை உடனே விட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் காலியாகவே ஓட்டுங்கள். உட்காரும் பலகை, நடுக்கிளை, அடித்தரை என்று மூன்று இடத்தில், காலை, நடுப்பகல், இரவு மூன்று வேளையும் வெப்பத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். எண்கள் நான் சொன்ன அளவுக்குள் நிலைக்கும்வரை பல்பின் உயரத்தையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு ஒரு காலை நேரத்தில், விளக்கு போட்டு ஒரு மணி நேரம் கழித்து, கையில் எடுத்து நேரே மேல் பலகையில் விடுங்கள். சாப்பாட்டுத் தட்டும் மேலேயே, பல்பின் நேர் சூட்டுக்குச் சற்றுத் தள்ளி இருக்கட்டும். முதல் நாலைந்து நாள் சரியாகச் சாப்பிடாது, நிறமும் கொஞ்சம் கறுக்கும். முன்கண்ணாடியில் பாதிக்கு ஒரு துணி தொங்கவிட்டு, அடிக்கடி போய்ப் பார்க்காமல் இருந்தால் தெளிந்துவிடும்.

கூண்டு வேலை முடிய எப்படியும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. இன்றே தொட்டியின் கண்ணாடிகளில் வெளிப்பக்கமாகப் பாதி உயரத்துக்குக் காகிதம் ஒட்டுங்கள், மூக்கைத் தேய்ப்பது குறையும். குறுக்கே ஒரு தடித்த கிளை வையுங்கள். தொட்டியைத் தரையிலிருந்து எடுத்து உயரமான, ஆடாத மேசைமேல் வையுங்கள். புற ஊதா ட்யூப்பை மட்டும் இந்த வாரமே வாங்கி, வலைமூடியின்மேல் வைத்துவிடுங்கள். கண்ணாடி மூடி என்றால் அதை எடுத்துவிட்டு வலை போடுங்கள். பிறகு அதை அப்படியே புதுக் கூண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வால் நுனிக்கு வருகிறேன். கறுப்பு எங்கே முடிகிறதோ அந்த இடத்தை நுனியிலிருந்து அளந்து, தேதியோடு எழுதுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை அளங்கள். அதே இடத்தில் நின்று காய்ந்தால் பயமில்லை, காய்ந்த பகுதி தானே விழலாம். ஒரு செதில் வரிசை மேலே ஏறினாலும் தாமதிக்காதீர்கள். செத்த திசு மேலே பரவினால் வாலை வெட்ட வேண்டியிருக்கும், எவ்வளவு சீக்கிரம் வருகிறீர்களோ அவ்வளவு குறைவாக வெட்டினால் போதும். எட்டு மாதம் சரியான கதிர் இல்லாமல் வளர்ந்திருக்கிறது என்பதால், வால் எப்படி இருந்தாலும் ஊர்வன பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை காட்டி, ஒரு எக்ஸ்ரேயும் கால்சியம், பாஸ்பரஸ் அளவுக்கான ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். கீழ்த் தாடையை அவரே தொட்டுப் பார்ப்பார். நீங்கள் அழுத்திப் பார்க்க வேண்டாம், எலும்பு மெலிந்திருந்தால் உடைந்துவிடும். அதற்குக் கூண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போய்விடுங்கள்.